அக்காவுக்கு ஆறு வரி

கேள்வி: எனக்கு வயது 38. பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அப்பா சம்பாதித்து வாங்கிய 1 ஏக்கர் 40 சென்ட் நிலம் எங்களுக்கு உண்டு. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் நானும் அக்காவும்தான். அக்கா என்னைவிட 12 வயது மூத்தவர், கணவரை இழந்தவர், ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். 2019இல் பட்டா மாறுதலுக்கு என்று சொல்லி அவரைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அவர் பங்கை எனக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். “நீ சொன்னால் சரிதான்” என்று போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும், எனக்குப் பசிக்குமே என்று தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பொங்கல் சீரைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். அக்கா மகள் வளைகாப்புக்குக்கூடக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன்.

பிறகு புறவழிச்சாலை வந்து விலை ஏறியது. 40 சென்ட்டை விற்று மாடி கட்டினேன். போன ஆண்டு என் இரண்டரை வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. இரண்டு முறையும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். “பெண் சாபம், பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது” என்கிறார் ஜோதிடர். பரிகாரத்துக்கு 68,000 ரூபாய் ஆகுமாம். செவ்வாய், வெள்ளியில் பட்டினி கிடக்கிறேன், தரையில் படுக்கிறேன், பிள்ளையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடட்டும். செய்த தப்புக்குத்தான் இந்தத் தண்டனையா? பரிகாரம் செய்யலாமா, அக்கா பெயரில் 10 சென்ட் எழுதிவைத்தால் போதுமா? என் மனைவிக்கு எதுவும் தெரியாது.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் பிள்ளையைப் பார்த்துவிடுவோம். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. நம் பாட்டிமார் “ஜன்னி கண்டது” என்று சொன்னவற்றில் பலவும் இதுதான். ஒருமுறை வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் வந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுதல். மூளை வளர வளர, பள்ளிக்கூடம் போகும் வயதில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். உங்கள் டாக்டர் ஸ்கேன் எடுக்காமல் அனுப்பியதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் நின்று, பிள்ளை தெளிந்து விளையாடப் போய்விட்டால் வழக்கமாக ஸ்கேன் தேவைப்படுவதில்லை. இன்னொரு முறை வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம், பல்லிடுக்கில் கரண்டி வைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீக்கிரம் நின்றாலும் அன்றே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது நீங்கள். “என் உயிரை எடுத்துக்கொண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாமி முன்னால் சொன்ன வேண்டுதல் மட்டும்தானா, இரவு மூன்று மணிக்கு வேறு மாதிரியும் தோன்றுகிறதா? தோன்றுகிறது என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்று பெயர். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தோன்றவில்லை என்றாலும், மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதவர் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

ஏன் சொல்கிறேன் என்றால், மனச்சோர்வு முற்றும்போது குற்றவுணர்வு தன் அளவை மீறிப் பருத்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். 30 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனைக் கைவிரல் வீங்கும்படி அடித்தாராம். ஊரில் இரண்டு வருடமாக மழை பொய்த்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். மாத்திரை சாப்பிட்டுச் சில வாரங்களில் மழையைப் பற்றிய நம்பிக்கை கரைந்துவிட்டது. மாணவனை அடித்த வருத்தம் கரையவில்லை. அதைக் கரைக்க நானும் முயலவில்லை, ஏனென்றால் அது நோய் இல்லை. உங்களிடமும் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

இனி உங்கள் கேள்வி. செய்த தப்புக்குத்தான் இந்தத் தண்டனையா?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார். இரண்டு பையன்கள் தோட்டத்தில் ஆப்பிள் திருடுகிறார்கள். ஆள் வந்துவிட, ஒருவன் பிடிபடுகிறான், இன்னொருவன் ஓடுகிறான். வழியில் ஓடைமேல் உளுத்த பலகைப் பாலம். கால் வைத்ததும் முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். வயது ஏற ஏற, பலகை உளுத்திருந்தது, யார் மிதித்திருந்தாலும் முறிந்திருக்கும் என்று சொல்பவர்கள் கூடினார்கள். பாலத்துக்குத் திருடனைத் தெரியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் புரியத் தொடங்கியது. நமக்கும் புரிந்ததுதான். ஆனால் பயம் வந்துவிட்டால் எல்லோரும் ஆறு வயதுக்குத் திரும்பிப் போய்விடுகிறோம்.

ஒன்று கேட்கிறேன். முதல்முறை வலிப்பு வந்த அன்று வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை படுத்திருக்கும். அந்தக் குழந்தையின் அப்பா யாருடைய நிலத்தை எழுதி வாங்கினார்? புறவழிச்சாலை வந்து சென்ட் விலை ஏறியபோது, இது எந்தப் புண்ணியத்துக்குக் கிடைத்த பலன் என்று கேட்டு நீங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லையே? தப்பு நடந்தது 2019இல். அதன்பின் நிலம் கைக்கு வந்தது, மாடி எழுந்தது, பிள்ளை பிறந்தான். இவற்றையெல்லாம் கணக்கில் எழுதாமல் இரண்டு காய்ச்சலை மட்டும் பற்று வைக்கிறீர்கள். கடைக் கணக்கை இப்படி எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் “நினைக்கப்படும்” என்று சொல்லி வள்ளுவரே நிறுத்திக்கொண்ட இடம் இது. ஜோதிடர் அரைமணி நேரத்தில் தீர்த்துவிட்டார்.

இந்தக் கணக்கில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. “தப்பு செய்தவன் அனுபவிப்பான்” என்பதில் ஆறுதல் இருக்கிறது; ஏமாற்றப்பட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்துகிறார்கள். அதையே திருப்பிப்போட்டால் “அனுபவிக்கிறான், அப்படியானால் தப்பு செய்திருப்பான்” என்று ஆகிவிடுகிறது. 1966இல் அமெரிக்காவில் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடித்துக் காட்டி மற்றப் பெண்களைப் பார்க்கவைத்தார்கள். தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கள், போகப்போக அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டார்கள். நம் ஊரில் இதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் தாயிடம், உட்கார இடம் கொடுக்கும் முன்பே “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் என்னிடம் வருகிறார்கள். எந்தப் பாவம் என்று அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மதம் அப்படித்தானே சொல்கிறது என்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நான் மறுக்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்தான்.

சமணர் மரபில் வந்த நாலடியார், வினையைக் கன்றுக்குட்டியோடு ஒப்பிடுகிறது. எத்தனை பசுக்களுக்கு நடுவில் விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். பழவினையும் அப்படியே தன்னைச் செய்தவனைத் தேடிக்கொள்ளும். இந்த உவமையைப் பயமுறுத்துவதற்குத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். ஆனால் கன்று வேறொரு பசுவிடம் போய் முட்டாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வினை உங்கள் மகனிடம் வழிதவறிப் போகாது.

சைவ சித்தாந்தம் இன்னொரு விதமாகப் பேசும். வினை சடம், அதற்கு அறிவு இல்லை, தானாகப் போய் யாரையும் பிடிக்காது. இறைவன்தான் அவரவர் வினைப்பயனை அவரவர்க்குக் கூட்டுகிறான். எதற்காக? அந்த மரபின் ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார், சொன்னபடி கேட்காத பிள்ளையைத் தாய் தந்தையர் வளாரால் (இளங்குச்சியால்) அடிப்பதைக் காட்டுகிறார். அடியும் பரிவுதான், ஈசனின் சினமும் அப்படித்தான் என்கிறார். இதற்கு மறக்கருணை என்று பெயர். யோசித்துப் பாருங்கள். அப்பன் செய்த தப்புக்கு, என்ன ஏது என்று தெரியாத மகனை அடிப்பது எந்த ஊரில் பரிவு? அப்படிச் செய்யும் பெற்றோரைப் பார்த்தால் நீங்களே குறுக்கே போய்த் தடுப்பீர்கள். சாமியை மட்டும் ஏன் அவ்வளவு கீழே இறக்குகிறீர்கள்?

எதிர்க்குரலும் உண்டு, மறைக்க மாட்டேன். பெற்றவர் பாவம் பிள்ளைகள் தலையில் என்று ஊர் சொல்கிறது. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை போகிறது. ஆனால் அதே பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் தீர்க்கதரிசி, பிதாக்கள் திராட்சைக்காய் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது என்கிறார். பாவம் செய்தவனே அதற்குப் பொறுப்பு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, இவனைப் பெற்றவர்களின் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சொல்கிறது. நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினையா என்று ஒரு துறவி கேட்டதற்கு, பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் பருவ மாற்றத்தாலும்கூட வேதனை வரும், வினை பல காரணங்களில் ஒன்று என்று புத்தர் பதில் சொன்னதாகப் பாலி சூத்திரம் ஒன்றில் வருகிறது. இந்த ஒரு பதிலுக்காகவே அவரை எங்கள் தொழிலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. பெண் சாபம் என்றால் தமிழில் அதற்கு மேல் ஒன்று கிடையாது: கண்ணகி. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவள், மதுரையை எரிக்கத் தீயை ஏவுகிறாள். அப்போது அவள் தீக்கடவுளுக்கு ஒரு பட்டியல் தருகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்கிறாள். எரியும் நெஞ்சோடு நின்றவளுக்கும் குழந்தையை ஒதுக்கிவைக்க நினைவிருந்தது. அதே சிலப்பதிகாரத்தில், ஒரு பொற்கொல்லன் செய்த தப்புக்காக ஆயிரம் பொற்கொல்லரை ஒரே நாளில் பலிகொடுத்தவன் பாண்டிய அரசன் வெற்றிவேற் செழியன். அந்த அரச கணக்கு வேறு. சாபமிட்டவளின் கணக்கு வேறு.

உங்கள் ஜோதிடர் அக்காவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? தூக்குவாளியில் உங்களுக்குத் தயிர்சாதம் கொண்டுவந்த பெண், உங்கள் இரண்டரை வயது மகனை வலிப்பில் தள்ளினார் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். நிலத்தை எடுத்துக்கொண்டது போதாது என்று, அவர் பெயரில் இப்போது இதையும் எழுதுகிறீர்கள்.

அப்படியானால் தப்புக்குத் தண்டனையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. உங்களுக்கு அது எப்போதோ தொடங்கிவிட்டது. இங்கே சுருக்கி வந்திருக்கும் உங்கள் கடிதம் என் கையில் நாலு பக்கம். பிள்ளையின் வலிப்பு ஒன்றரைப் பக்கம். கோயிலும் பரிகாரமும் ஒன்றேகால் பக்கம். மிச்சம் உங்கள் பட்டினி, தூக்கம், கடை. அக்காவுக்கு ஆறு வரி. ஆறு வரியிலும் அவர் இப்போது எப்படி இருக்கிறார், எதை வைத்துப் பிழைக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. தெரியாததால் எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பத்திர ஆபீஸ் வேப்பமரம் அப்படியே இருக்கிறது, தூக்குவாளி இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டை யார் இப்படி நினைவு வைத்திருப்பார்கள்? “தன்நெஞ்சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்” என்ற குறளை ஒன்பதாம் வகுப்பில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதில் தெய்வம் வரவில்லை, எமன் வரவில்லை, வெளியிலிருந்து யாருமே வரவில்லை.

தண்டனை என்று நான் சொல்வது நெஞ்சு சுடுவதை மட்டும் அல்ல. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீரைக் கடைப் பையன் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு வருகிறான். அக்கா மகளின் வளைகாப்பில் தாய்மாமன் இடம் காலியாக இருந்தது. உங்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது அத்தை இருக்க மாட்டார். அக்காவின் பங்கான அந்த 70 சென்ட் இதையெல்லாம் ஒவ்வொன்றாக உங்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறது. செய்த செயலுக்குள்ளேயே தண்டனை அடங்கியிருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். திருடியவன் முதலில் இழப்பது, யாரிடம் திருடினானோ அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் சுதந்திரத்தை.

பட்டினிக்கு வருகிறேன். 2009இல் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் குற்றவுணர்வைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தப்பு செய்துவிட்டோம் என்று வருந்துகிறவர்கள், பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்ய வழி இல்லாதபோது தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்ள முனைந்தார்கள். ஈடுசெய்ய வழி இருந்தபோது அந்த முனைப்பு காணப்படவில்லை. செத்துப்போனவர்களுக்குச் செய்த தப்பு என்றால் பட்டினியும் தரைப்படுக்கையும் எனக்குப் புரியும். உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார். சீர் கொண்டுபோகும் பையனுக்கு வீடு தெரியும். செவ்வாய்க்கிழமை நீங்கள் சாப்பிடாமல் இருப்பதால் அவருக்கு ஒரு பிடி அரிசி கூடவில்லை.

பரிகாரமும் அப்படியே. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு விதி உண்டு: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தைப் பாவநிவாரண நாள் போக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் போக்காது. இஸ்லாமியப் பெரியவர்களைக் கேட்டாலும், அடியார் உரிமையை, அதாவது சக மனிதருக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா (பாவமன்னிப்பு வேண்டல்) நிறைவேறாது என்பார்கள். வரிவசூலிப்பவனான சகேயு இயேசுவிடம், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். நீங்கள் 10 சென்ட் போதுமா என்று கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ பேர் இப்படிப் பேரம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். தண்டனைக்குப் பயப்படுகிறவர் எவ்வளவு கட்டினால் விடுவார்கள் என்று கேட்பார். செய்த காரியத்துக்கு வருந்துகிறவர் எவ்வளவு எடுத்தோம் என்று எண்ணுவார். எண்ணிப் பார்ப்போமா? 1 ஏக்கர் 40 சென்ட்டில் பாதி 70. அப்பா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் விற்ற 40 சென்ட் உங்கள் பங்கிலிருந்து போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 100 சென்ட்டில் 70 அக்காவுடையது, 30 உங்களுடையது. எந்த 70 என்பதும் முக்கியம்; சாலையோரத்தை நீங்கள் வைத்துக்கொண்டு வாய்க்கால் பள்ளத்தை அவருக்குத் தள்ளிவிடாதீர்கள். பிறகு, 68,000 ரூபாயைப் பத்திரச் செலவுக்கு எடுத்துவையுங்கள். எழுதிக் கொடுக்கும் முறையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் அக்காவுக்கோ அவர் மகளுக்கோ படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன் மனைவியிடம் சொல்ல வேண்டும். இரவில் நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்காமல் இருக்க மாட்டார். பிள்ளைக்கு ஏதோ பெரிய நோய் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் மறைக்கிறீர்கள் என்றுகூட அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். உண்மை அதைவிடச் சின்னது. மாடி கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பது வரை சொல்லுங்கள். சண்டை வரும். வரட்டும்.

அக்காவிடம் போவது பற்றி. பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; நாலு பேர் முன்னால் “தம்பிதானே, மன்னித்துவிடு” என்று அவரை நெருக்கிவிடுவார்கள். தனியாகப் போங்கள். பட்டா மாறுதல் என்று சொன்னது பொய், அது விடுதலைப் பத்திரம், உன் பங்கு 70 சென்ட்டை எழுதிவைக்கப் போகிறேன் என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்ததை அன்று சொல்ல வேண்டாம். சொன்னால் பேச்சு முழுக்கப் பிள்ளைமேல் போய்விடும். அவர் உடனே அழுவார், உங்களைத் தேற்றுவார், நீங்கள் செய்தது ஓரத்துக்குப் போய்விடும். உன் சாபத்தை எடுத்துக்கொள் என்று மறந்தும் கேட்காதீர்கள். சபித்தாரா என்பதே உங்களுக்குத் தெரியாது.

அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சாலையோரம் 40 சென்ட் கைமாறியது ஊருக்கே தெரிந்திருக்கும். விற்றவரின் அக்காவிடம் யாரும் கேட்காமலா இருந்திருப்பார்கள்? தெரிந்தும் ஆறு வருடமாகப் பொங்கல் சீரைத் திருப்பி அனுப்பாமல் வாங்கி வைத்திருக்கிறார் என்றால், அதைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நிறைய இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டாலும் சாத்தட்டும். மன்னிப்பு கிடைத்தால்தான் பத்திரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நிலம் அவருடையது, மன்னிப்பும் அவருடையது, முதலாவதைத்தான் நீங்கள் எடுத்தீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலில் இன்னொரு முறை வலிப்பு வரலாம். மறுபடியும் வரக்கூடியது என்று முதலிலேயே சொன்னேன். அப்போது “70 சென்ட் கொடுத்தும் போகவில்லையே” என்று கணக்கைத் திரும்பத் தூக்காதீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் இப்படி வந்ததுண்டா, அப்பாவான உங்களுக்கு வந்ததா என்று குழந்தை டாக்டர் கேட்டிருப்பார். தெரியாது என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டு வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? அம்மா இல்லை, அப்பா இல்லை. உங்களுக்கு இரண்டு வயதாக இருந்தபோது பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளும் அவளாகத்தான் இருப்பாள். பத்திரம் பதிவாகி, அசல் அவர் கைக்குப் போன பிறகு ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.